கோட்டைச் சுவரில் மூன்று எழுத்து

போன செவ்வாய்க்கிழமை வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். அம்பத்தூரில் நாம் வழக்கமாக விடும் அதே இடம்தான். பின் சீட்டைக் கழற்றித் தூக்கி வைத்துவிட்டு உள்ளே குனிந்த ஆள், "இன்னா சார், பீச்சு மண்ண அப்டியே அள்ளிகினு வந்துட்டியா?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் இரண்டு கைப்பிடி மண் கிடந்தது. பீச் மண் இல்லை. பீச் மண் கையில் ஒட்டும். இது வெளிர் மஞ்சளாக, தொட்டால் விரலிடுக்கில் வழிந்து போகிற மண். ராஜஸ்தானில் நீ ஷூவோடு ஏறி உட்கார்ந்து, கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்த மண். காலை உதறிவிட்டு ஏறுடா என்று அங்கே எத்தனை தடவை கத்தியிருப்பேன்.

என்ன செய்வது என்று அவர் கேட்டார். உறிஞ்சி எடுத்துவிடச் சொன்னேன். மெஷின் ஓடியது, அரை நிமிஷத்தில் சுத்தமாகிவிட்டது. நான் பக்கத்தில் நின்று சீட்டுக் கம்பியில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது என்றால் ஒரு பிடி மண்ணைக் காகிதத்தில் மடித்து பீரோவில் வைத்திருப்பான். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்று உனக்கு எழுதலாம் என்றிருந்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி தனத்தைப் பார்க்கப் போனேன். அங்கே நடந்ததை உன் ஒருவனிடம்தான் சொல்ல முடியும். அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. சித்திரை மாதம், காலையில் பால் பாக்கெட் வாங்கப் போனவன் பூத் வாசலில் உட்கார்ந்தாய், அவ்வளவுதான். வானகரத்தில் உன் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைப் பார்த்தேன். லூஸாக இருந்தது. தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகினேன். ஷாமியானா கயிறு தளர்ந்திருந்தது, இழுத்துக் கட்டச் சொன்னேன். உன் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலைக்கு மேலே வாடகை நாற்காலிகளில் எதெது கால் உடைந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கல்நெஞ்சன் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே கைவிட்டுத் துழாவினால் ஒன்றும் அகப்படுவதில்லை.

தொழில் புத்தி அது, உனக்குத் தெரியாததா. ஆவடி ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். நீ டாங்கிகளுக்குச் சக்கரமும் சங்கிலியும் பூட்டுகிற ஃபிட்டர். நீ முடித்து வைப்பதை அளந்து பார்த்து, சரியென்றால் முத்திரை குத்துவதும் தப்பென்றால் சிவப்புப் பெயிண்ட் தடவுவதும் என் வேலை. நாம் முதன்முதலில் பேசிக்கொண்டதே நான் உன் வேலைக்குச் சிவப்படித்த அன்றைக்குத்தான். அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாய். "இன்னா மாமே, ஒரு தலமயிர் அளவுக்கா ரிஜெக்ட் பண்றே? உன் தலைலேர்ந்து ஒண்ணப் புடுங்கி அளந்து பாரேன்" என்றாய். எனக்கு அப்போதே முன்பக்கம் வழுக்கை. ஷாப் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்காமல் அடுத்த பீஸுக்குப் போனேன். மறுநாள் அதைத் திருத்திக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து கருவாட்டுக் குழம்பை என் பக்கம் தள்ளினாய். நான் சுத்த சைவம் என்று தெரியாமல் செய்தாய் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். தெரிந்துதான் செய்தேன் என்று ரிட்டயர்மென்ட் அன்றைக்கு ஒப்புக்கொண்டாய்.

நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். நீ வேலப்பன்சாவடிக்காரன். உன் அப்பா கூலிக்கு அறுத்த வயலில் இப்போது காலேஜ் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், எங்கப்பன் முதுகு ஒடிஞ்ச எடம் என்று கையைக் காட்டுவாய். குவார்ட்டர்ஸில் நமக்கு எதிரெதிர் வீடு. நீ என்னை மாமே என்றதால் தனம் என்னை அண்ணா என்றாள். அந்த முறை அப்படியே நின்றுவிட்டது.

புது வண்டி எதுவானாலும் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். கூடவே நம் ஃபிட்டர்களும் போக வேண்டும். உன்னை வருஷா வருஷம் அனுப்பினார்கள், ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம். என்னை ஒரு தடவைகூட அனுப்பவில்லை. நீ திரும்பி வரும் அன்று உன் வீட்டு வாசலில் பிளாக்கே கூடிவிடும். கோட்டைக்குள்ளேயே ஒரு ஊர் இருக்கிறது, எலிகளுக்குப் பால் வைத்துக் கும்பிடும் கோயில் இருக்கிறது, ரோட்டோரத்தில் புல்லட் வண்டியைச் சாமியாக்கிப் பூஜை செய்கிறார்கள், ஒரே ராத்திரியில் ஜனம் மொத்தமும் காலி செய்துவிட்டுப் போன ஊரில் இன்னும் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது என்றெல்லாம் அளப்பாய். தனம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். நானும்தான் கேட்டேன். என் வீட்டு ஜன்னலில் நின்று, பேப்பர் படிப்பதுபோல.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள், நசரத்பேட்டையில் ஹைவே ஓரத்து டீக்கடையில் வைத்து நீ உண்மையைச் சொன்னாய். எனக்கு வாயில் இருந்த டீ புரையேறியது.

"மாமே, நான் அங்க ஒண்ணியுமே பாத்ததில்ல. டென்ட்டு, மண்ணு, கிரீஸு. இத்தத்தான் பாத்தேன். வேலையப் பத்தி ஊட்ல வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டான். வந்து நின்னா, இன்னா பாத்தேன்னு தனம் கேக்குது. எத்தனா சொல்லணும்ல?"

முதல் வருஷம் ரயில்வே ஸ்டேஷனில் விற்ற படங்களைப் பார்த்து ஒரு கோட்டையை அடித்துவிட்டிருக்கிறாய். அடுத்த வருஷம் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. லாரி டிரைவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துக்கொண்டாய். நம் ஃபேக்டரி ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பில் போய் மாட்டமாட்டார்கள். நாம் எல்லோருமே வீட்டில் எதையாவது சொல்லி ஒப்பேற்றியவர்கள்தான். நான் கேன்டீன் சமையலைச் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷமும் என் மனைவி சாம்பாரில் உப்புக் கூடியதையும் குறைந்ததையும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது என்ன வந்தது என்று கேட்டேன். ரிட்டயர் ஆனதும் கூட்டிப் போகிறேன் என்று தனத்திடம் சொல்லியிருக்கிறாய், அவள் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய், எந்த ரோட்டில் திரும்புவது என்று தெரியாமல் முழித்தால் முடிந்தது கதை. அதனால் முதலில் நீ ஒரு தடவை போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும், துணைக்கு நான் வர வேண்டும், என் வண்டியும் வர வேண்டும். வீட்டில் என்ன சொன்னாய் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கண்ணன் பாவம் தனம், ஆவடியைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை, நான் போய் சுற்றிக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். புறப்படும்போது தனம் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம்.

பொங்கல் முடிந்த மறுவாரம் கிளம்பினோம். ஃபேக்டரியில் ஆயுத பூஜை அன்று டாங்கியின் சங்கிலிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள் அல்லவா, அதே மாதிரி என் வண்டியின் நாலு சக்கரத்துக்கும் வைத்தாய். ஒரு டஜன் பழத்தைப் பையிலும் போட்டுக்கொண்டாய். பூந்தமல்லி தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து சின்ன டைரி ஒன்றை எடுத்து என் மடியில் போட்டாய். அதில் வரிசையாக எழுதியிருந்தாய்: இத்தனை வருஷத்தில் தனத்திடம் சொன்ன பொய்கள் மொத்தமும். நான்தான் இன்ஸ்பெக்டராம். நேரில் பார்த்து, நீ சொன்னதும் இருப்பதும் ஒத்துப்போனால் டிக் அடிக்க வேண்டுமாம். நான் முடியாது என்றேன். கர்நாடகா எல்லை வருவதற்குள் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன்.

நாலு நாள் ஓட்டினோம். ஜோத்பூருக்கு முன்னால் ரோட்டோரத்தில் அந்தப் புல்லட் கோயில் வந்தபோது நீ சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாய். நிஜமாகவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புல்லட் நின்றது. மாலை, ஊதுபத்தி, சிவப்புக் கயிறு. லாரிக்காரர்கள் சாராய பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நீ பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, பெட்டிக்கு முன்னால் சக்கரத்துக்கு நேராக வைத்தாய். பூசாரி வந்து என்னவோ கேட்டார். உனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தையில் டாங்கி, ஆயுத பூஜை, மெட்ராஸ் எல்லாவற்றையும் விளக்கினாய். அவருக்கு என்ன புரிந்ததோ, உன் நெற்றியில் குங்குமத்தை அப்பிவிட்டு, பழத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் டிக் அடித்தேன்.

எலிக் கோயிலுக்குள் நான் வரமாட்டேன் என்றுவிட்டேன். வெறுங்காலோடு போய்விட்டு வந்து, ஒரு எலி கால்மேலேயே ஏறி ஓடியது, டிக் அடி என்றாய். நான் பார்க்காததற்கு டிக் அடிக்க முடியாது என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன். "நீ திருந்தவே மாட்டே மாமே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஷூவைக் கழற்றிப் போட்டு உள்ளே போய், காலோடு எலியைச் சேர்த்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கால் உன்னுடையதுதான் என்று கட்டைவிரல் நகத்தை வைத்து உறுதி செய்துகொண்ட பிறகு அடித்தேன்.

ஜெய்சல்மேரிலிருந்து கொஞ்ச தூரத்தில் அந்தக் காலி ஊர். கூரை இல்லாத கல் வீடுகள் தெருத் தெருவாக நின்றன. விளக்கு எதுவும் எரியவில்லை, நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். நீ கவலைப்படவில்லை, சர்க்கார் கைக்குப் போனபின் அணைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னாய். ஒரு வீட்டின் அடுப்பு மேட்டில் போய் உட்கார்ந்தாய். அவ்வளவு பேரும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஒரே நாளில் எப்படிப் போயிருப்பார்கள் என்று கேட்டாய். அதெல்லாம் கட்டுக்கதையாக இருக்கும், தண்ணீர் வற்றியிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருப்பார்கள் என்றேன். உனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எத்தயாச்சும் ஒண்ண முழுசா நம்பத் தெரியுமா உனுக்கு?" என்று கேட்டாய். வண்டியில் ஏறியபோது நீ காலை உதறவில்லை, நானும் அன்றைக்குச் சொல்லவில்லை.

போர் நினைவிடத்தில் எதிரி நாட்டு டாங்கி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் சங்கிலியைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தொய்வு அதிகம், பூட்டினவன் சரியில்லை என்றாய். பக்கத்தில் நின்ற குடும்பம் ஆர்வமாகத் திரும்பியது. நீ வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டாய். ரிட்டயர் ஆகியும் அந்தக் கையெழுத்து ஞாபகம். நமக்கு இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நான் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கோட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தாய். நீ சொன்னபடியே உள்ளே ஊர் இருந்தது. துணி காயப் போட்டிருந்தார்கள், குக்கர் விசில் கேட்டது, பசு மாடு குறுக்கே படுத்திருந்தது. ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே மேலே ஏறினோம். உச்சியில் பீரங்கி வைத்திருந்த இடத்தில் நின்றால் மஞ்சள் கல் வீடுகளும் அதற்கப்பால் வெட்டவெளியும். டைரியில் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது. அதில் ‘பேரு’ என்று மட்டும் எழுதியிருந்தாய். இது என்ன என்று கேட்டேன்.

முதல் வருஷம், கல்யாணமான புதிதில், நாற்பது நாள் கழித்து நீ வீட்டுக்குப் போனபோது தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அங்கே என்னை ஒரு நாளாவது நினைத்தாயா என்று கேட்டாளாம். கோட்டை உச்சியில், பீரங்கிக்குப் பக்கத்துச் சுவரில், தோள் உயரத்தில், தனம் என்று அவள் பெயரைத் தமிழில் செதுக்கிவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறாய். தனம் அன்றைக்குத் திரும்பியவள்தான். குவார்ட்டர்ஸ் முழுக்க அதைச் சொன்னாள். என் மனைவியிடமும் சொன்னாள், என் மனைவி என்னிடம் சொல்லி, நீங்கள் எதில் என் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்று இடித்தாள். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் கட்டுரையே எழுதினாள். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெயர் அந்தச் சுவரில் இருந்தது, நம் எல்லோர் வாயிலும்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு நீ பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரைபரை எடுத்தாய். இரும்பில் கோடு கிழிக்க ஃபிட்டர்கள் வைத்திருக்கும் கூர் ஊசி. வானகரத்திலிருந்தே அதை எடுத்து வந்திருக்கிறாய். எனக்கு அப்போதுதான் புரிந்தது, இந்தப் பயணம் ரோடு தெரிந்துகொள்வதற்காக இல்லை.

சுவரில் போர்டு வைத்திருந்தார்கள், கிறுக்கினால் குற்றம் என்று. நான் அதைக் காட்டினேன். நீ போர்டுக்குப் பக்கத்தில் காட்டினாய். இந்தியில், குஜராத்தியில், இங்கிலீஷில், இதயம் போட்டு அம்பு விட்டு நூறு பெயர்.

"ஊரே எழுதி வெச்சுகீது மாமே. மூணே எழுத்து. நீ அந்தாண்ட திரும்பி நில்லு, அஞ்சு நிமிசம். தனம் வந்து கைய வெச்சுப் பாக்கணும், அவ்ளோதான்."

நான் திரும்பி நிற்கவில்லை. எண்ணூறு வருஷத்துச் சுவர் என்றேன். நூறு பேர் செய்தாலும் தப்பு தப்புதான் என்றேன். நீ சொன்ன பொய்க்கு இந்தச் சுவர் என்ன செய்யும் என்றேன். நீ கையை உயர்த்தியபோது, கீழே போய் வாட்ச்மேனைக் கூட்டி வருவேன் என்றேன். சும்மா மிரட்டவில்லை. போயிருப்பேன். அது உனக்கும் தெரிந்தது. ஊசியைச் சட்டை நுனியில் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். "செரி உடு மாமே. காத்துல அழிஞ்சுபூட்ச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். கீழே இறங்கும் வழியில் ஒரு கடைக்காரர் மஞ்சள் கல்லில் பெயர் செதுக்கித் தருவதாகக் கூப்பிட்டார். வாங்கிக்கொள்ளேன் என்றேன். கடையில் வாங்குவது வேறு என்றாய். டைரியில் அந்த வரிக்கு நேராக நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டதை நீ பார்த்தாய். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வரும் நாலு நாளும் நீ என்னிடம் நன்றாகத்தான் பேசினாய். அதுதான் உன் குணம். அடுத்த குளிருக்குத் தனத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது எங்கெங்கே தங்குவது, எந்த தாபாவில் ரொட்டி நன்றாக இருந்தது என்று குறித்துக்கொண்டே வந்தாய். அந்தக் குளிர் இப்போதுதான் வரப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மழை விட்டிருந்தது, பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். தனம் போனில் கூப்பிட்டிருந்தாள், ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று. என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். வழி நெடுக வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவன் எழுதவில்லை தனம், எழுத வந்தான், நான்தான் விடவில்லை. இதுதான் வாக்கியம். இதில் சேர்க்கவும் ஒன்றுமில்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை.

தனம் இளைத்திருக்கிறாள். உன் படத்துக்குப் பூ வைத்திருந்தாள், அது கொஞ்சம் சாய்ந்திருந்தது, நான் நேராக்கினேன். நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவள் கீழே உட்கார்ந்தாள். உன் மகள் டிசம்பருக்கு ரயில் டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறாளாம்.

"போனா நீங்களும் அண்ணியும் கூட வரணும்ணா. எனுக்குக் கோட்ட கீட்டல்லாம் வாணாம். என் பேரு கீற எடத்த மட்டும் கைய வெச்சுப் பாத்துட்டு வந்துடணும்."

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"நீங்க அங்க போனீங்கள்ல. பாத்தீங்களாண்ணா? என் பேரு கீதுல்ல?"

அவள் முகத்தைப் பார்த்தேன். வாக்கியம் வாயில் தயாராக இருந்தது.

"பாத்தேம்மா. பீரங்கிக்குப் பக்கத்துல. தோள் உயரத்துல."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான். மூணு எழுத்து. மங்கலா இருக்கு, ஆனா படிக்க முடியுது."

எனக்கு நாக்குக் குழறவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு தப்புப் பீஸுக்கும் முத்திரை குத்தாதவன், இவ்வளவு சுலபமாகச் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. தனம் தலையைக் குனிந்துகொண்டாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"அவுரு எத்த சொன்னாலும் நான் பாதிதாண்ணா நம்புவேன். எலிக் கோயிலு, வெளக்கு, எல்லாமே பாதிதான். பேரும் அப்டித்தான். அதான் ஒரு வாட்டி போயி பாத்துட்டா மனசு ஆறிடும்னு இருந்தேன். நீங்க பாத்தேன்னு சொல்லிட்டீங்க. உங்க வாயில பொய் வராது. இனிமே நான் எதுக்குப் போவணும்?"

அங்கேயே மகளுக்குப் போன் போட்டு, டிக்கெட் வேண்டாம், அண்ணன் பார்த்தாராம் என்று சொன்னாள். குரலில் அவ்வளவு நிம்மதி. நான் பதறி, பெயரை விடு, ஊரையாவது பார்த்துவிட்டு வரலாமே என்றேன். அவுரு இல்லாத எனுக்கு அந்த மண்ணுல இன்னா வேல என்று கேட்டுவிட்டு டீ போட எழுந்து போனாள். அவள் வரவில்லை என்றதும், இனி அந்தச் சுவரில் பெயரைத் தேட மாட்டாள், மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று எனக்கும் உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். உன் கையைத் தடுத்தது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். இன்னொரு தடவை நீ அந்த ஊசியை எடுத்தால் இன்னொரு தடவையும் தடுப்பேன், என் சுபாவம் அது. ஆனால் நான் அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தால், டிசம்பரில் தனம் ரயிலேறியிருப்பாள். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, அந்தச் சுவரில் கையை வைத்திருப்பாள். முதலில் அவளுக்கு அந்தப் பெயரை இல்லாமல் பண்ணினேன். இப்போது அந்தப் பயணத்தையும் இல்லாமல் பண்ணிவிட்டேன். அழலாம் என்று பார்க்கிறேன், வரவில்லை.

நீ முப்பது வருஷம் சொன்னாய், பாதிதான் நம்பினாள். நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். முழுசாக நம்பிவிட்டாள்டா.